ஃபார்மட் செய்தால் அழிந்துவிடுமா? புதிய இயங்குதளத்துக்கு அடியில் மிஞ்சியிருக்கும் பழைய தரவு

1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் விண்டோஸைப் புதிதாகப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் புதிய விண்டோஸ் எடுத்துக்கொண்டிருக்கும் இடம் ஏறக்குறைய 25 முதல் 30 ஜிபி. மொத்த டிஸ்க்கில் அது சுமார் 3 சதவீதம். மீதி 97 சதவீதத்தை யாரும் தொடவில்லை. நேற்றுவரை அங்கிருந்த வங்கிக் கணக்கு அறிக்கை, குடும்பப் படங்கள், பிரவுசர் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் எல்லாம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கின்றன. டெஸ்க்டாப் பளிச்சென்று புதிதாகத் தெரிகிறது, சி டிரைவில் 900 ஜிபி காலி என்று காட்டுகிறது. அதைப் பார்த்து, பழையதெல்லாம் போய்விட்டது என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையோடுதான் ஏராளமான கணினிகள் கைமாறுகின்றன.

டிஸ்க்கை அழிப்பது பற்றிப் பேச்சு வந்தாலே "எத்தனை தடவை அழிக்க வேண்டும்?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அழிப்பது என்றால் இங்கே பழைய தரவின் மேல் வேறொன்றை எழுதுவது. மூன்று தடவை, ஏழு தடவை, முப்பத்தைந்து தடவை என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். என் பார்வையில் அதைவிட முக்கியமான கேள்வி, டிஸ்க்கின் எல்லா இடத்தையும் அந்த அழிப்பு எட்டியதா என்பது. ஒரு மூலையை விட்டுவிட்டு மற்ற இடத்தை நூறு தடவை அழித்தாலும் அந்த மூலை அப்படியே இருக்கும்.

முதலில், நீக்குதல் என்பது உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பென் டிரைவ்களிலும் மெமரி கார்டுகளிலும் இன்றும் புழங்கும் ஃபேட் கோப்பு முறையில் ஒரு கோப்பை நீக்கினால், அதன் பெயரின் முதல் எழுத்துக்குரிய பைட் மட்டும் ஹெக்ஸ் எனப்படும் 16 அடிமான எண்முறையில் இ5 என்று மாறும். அந்தக் கோப்பு பிடித்திருந்த இடங்கள் இனி காலி என்று அட்டவணையில் குறிக்கப்படும். கோப்பின் உள்ளடக்கத்தில் ஒரு பிட் கூட மாறாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையிலும் கதை இதுதான்: எம்எஃப்டி எனப்படும் தலைமை அட்டவணையில் அந்தக் கோப்பின் பதிவு பயன்பாட்டில் இல்லை என்று குறிக்கப்படும், அவ்வளவே. சில நூறு பைட் அளவுள்ள மிகச் சிறிய கோப்புகள் அந்த அட்டவணைப் பதிவுக்குள்ளேயே முழுதாக உட்கார்ந்திருக்கும். கடவுச்சொல்லை ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வைத்துப் பிறகு நீக்கியிருந்தால், அது அட்டவணைக்குள்ளேயே எழுத்து மாறாமல் கிடக்கலாம்.

ஃபார்மட் செய்வது இதைவிடப் பெரிய வேலைபோலத் தோன்றும். குவிக் ஃபார்மட் செய்வதெல்லாம் பழைய அட்டவணையின் இடத்தில் ஒரு புதிய வெற்று அட்டவணையை எழுதுவதுதான். சில விநாடிகளில் முடிந்துவிடுவதற்குக் காரணமும் அதுவே. முழு ஃபார்மட்டும் நெடுங்காலம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது டிஸ்க்கை முழுக்கப் படித்து, செக்டர் எனப்படும் சிறு துண்டுகளில் கெட்டுப்போனவற்றைத் தேடியதே தவிர எதையும் அழிக்கவில்லை. விஸ்டாவிலிருந்துதான் முழு ஃபார்மட் ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யம் எழுதத் தொடங்கியது. விண்டோஸ் நிறுவும்போது பார்ட்டிஷன் எனப்படும் டிஸ்க் பிரிவுகளின் பட்டியலுக்குக் கீழே வரும் ஃபார்மட் பொத்தான் இந்த முழு வகை அல்ல, குவிக் வகை. ஃபார்மட்டே செய்யாமல் பழைய பார்ட்டிஷன் மேலேயே நிறுவினால், உங்கள் பழைய கோப்புகள் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டரில், எவரும் திறந்து பார்க்கும் நிலையில், சில நாட்கள் காத்திருக்கும்.

அட்டவணை போனபின் கோப்பை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஒரு தொடக்கக் கையெழுத்து உண்டு. ஜேபெக் படம் என்றால் அதன் முதல் மூன்று பைட்டுகள் ஹெக்ஸில் எஃப்எஃப், டி8, எஃப்எஃப். முடியும் இடத்தில் எஃப்எஃப், டி9. பிடிஎஃப் கோப்பு சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்று எழுத்துகளுமாகத் தொடங்கும். மீட்பு மென்பொருள் டிஸ்க்கின் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை இந்தக் கையெழுத்துகளைத் தேடிக்கொண்டே போகும். கிடைத்த இடத்திலிருந்து கோப்பை வெட்டி எடுத்துக்கொள்ளும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இதைத்தான் செய்கிறது. பெரிய திறமை எதுவும் தேவையில்லை, ஓர் இரவு அதை ஓடவிட்டால் போதும். கோப்பின் பெயரும் ஃபோல்டர் அமைப்பும் திரும்பாமல் போகலாம், படங்கள் திரும்பிவிடும்.

இது கற்பனைப் பயம் அல்ல. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரு ஆய்வாளர்கள் 2000 நவம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை பழைய பொருள் சந்தையிலிருந்து 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கினார்கள். 129 டிஸ்க்குகள் இயங்கின. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஒரு டிஸ்க் ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்தது. வாடிக்கையாளர்களின் கணக்கு எண்களும் பரிவர்த்தனைகளும் அதில் இருந்தன. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. மார்கன் ஸ்டான்லி தன் தரவு மையங்களை மூடியபோது, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு நிறுவனத்திடம் பழைய சாதனங்களை ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு சில டிஸ்க்குகள் இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தன. 2020இல் அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அமைப்பு 6 கோடி டாலரும், 2022இல் பங்குச் சந்தை ஆணையம் 3.5 கோடி டாலரும் அபராதம் விதித்தன.

இனி அந்த 35 கணக்குக்கு வருவோம். பீட்டர் கட்மன் என்ற ஆய்வாளர் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. ஹார்ட் டிஸ்க்கில் மேலே வேறொன்றை எழுதினாலும் பழைய காந்தத் தடம் இம்மியளவு மிஞ்சும். தகுந்த நுண்ணோக்கி இருந்தால் அதைப் படிக்க முடியலாம் என்பது அவர் வாதம். அதற்கு மருந்தாக, தொடக்கத்தில் 4 சுற்று (டிஸ்க் முழுவதும் ஒரு தடவை எழுதுவது ஒரு சுற்று) தாறுமாறான தரவு, நடுவில் 27 சுற்று குறிப்பிட்ட வடிவங்கள், கடைசியில் மீண்டும் 4 சுற்று தாறுமாறான தரவு என்று வகுத்தார். நடுவில் உள்ள அந்த 27 சுற்றுகளும் எம்எஃப்எம், ஆர்எல்எல் போன்ற பழைய பதிவு முறைகளில் இயங்கிய வெவ்வேறு டிஸ்க்குகளைக் குறிவைத்தவை. எந்த ஒரு டிஸ்க்கும் ஒரே சமயத்தில் இத்தனை முறைகளையும் பயன்படுத்தாது. எனவே எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35 சுற்றும் தேவைப்பட்டதே இல்லை. கட்மனே பிற்பாடு தன் கட்டுரையோடு ஒரு பின்னுரை சேர்த்து, 35 சுற்றையும் அப்படியே செய்வதில் பொருளில்லை என்று தெளிவாக எழுதினார். அதற்குள் பல மென்பொருள்களின் மெனுவில் அவர் பெயரிலேயே ஒரு தேர்வு இடம்பிடித்துவிட்டது. அதை அழுத்துகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பின்னுரையைத் தேடிப் படித்திருப்பார்கள்?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 5220.22-எம் என்ற எண்ணோடு வரும் மூன்று சுற்று முறையும் 1990களின் சரக்கு. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரே ஒரு தடவை மேலே எழுதிய நவீன டிஸ்க்கை நுண்ணோக்கியில் பார்த்து, ஒரு பிட்டைச் சரியாகச் சொல்லும் வாய்ப்பே நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றுத்தான் கூடுதல் என்று காட்டியது. ஒரு பிட்டுக்கே இந்தக் கதி என்றால், லட்சக்கணக்கான பிட்டுகள் சேர்ந்த ஒரு படத்தை மீட்பது நடக்காத காரியம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2006இல் வெளியிட்ட 800-88 வழிகாட்டியும், 2001க்குப் பின் தயாரான 15 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளுக்கு ஒரு சுற்றே போதும் என்ற முடிவுக்கு வந்துவிட்டது.

நேரக் கணக்கையும் பாருங்கள். விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதும் 1 டெராபைட் டிஸ்க்கில் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம் ஆகும். 35 சுற்று என்றால் சுமார் 65 மணி நேரம், இரண்டரை நாளுக்கும் மேல். அவ்வளவு நேரம் ஓடும் என்று தெரிந்ததும் பலர் அழிக்கும் எண்ணத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். அதீத அறிவுரையால் வரும் உண்மையான கேடு இதுதான் என்று நினைக்கிறேன்.

எனவே சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு சுற்று பூஜ்யம் போதும், அது கடைசி செக்டர்வரை போக வேண்டும். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, முதல் திரையிலேயே ஷிஃப்ட்டையும் எஃப்10 விசையையும் சேர்த்து அழுத்தினால் கருப்புக் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் டிஸ்க்பார்ட் நிரலை இயக்கி, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, 'கிளீன் ஆல்' என்ற கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யம் எழுதப்படும். 'ஆல்' என்ற சொல்லை விட்டுவிட்டால் பார்ட்டிஷன் விவரங்கள் மட்டும் போகும், தரவு முழுவதும் மிஞ்சும். ஒரு சொல்லில் இவ்வளவு வித்தியாசம். முதல் கட்டளை மணிக்கணக்கில் ஓடும், இரண்டாவது கண் இமைப்பதற்குள் முடியும். அழிப்பு சட்டென்று முடிந்தால் சந்தேகப்படுங்கள்.

அந்தக் கட்டளையைக் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்கள் ஒவ்வொரு தடவையும் அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது. கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஒரே அளவில் இரண்டு டிஸ்க் இருந்தால் மாடல் எண்ணைப் பாருங்கள். எல்லாவற்றையும்விட நல்ல வழி, அழிக்க வேண்டியதைத் தவிர மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிடுவது. காப்புப் பிரதி வைத்திருக்கும் வெளி டிஸ்க் உட்பட. அந்தக் காப்புப் பிரதி இன்னொரு கணினியில் திறக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். தயாரிப்பாளர் வைத்திருந்த மீட்புப் பார்ட்டிஷனும் இந்த அழிப்பில் போய்விடும் என்பதால், நிறுவல் பென் டிரைவ் முதலிலேயே கையில் இருக்க வேண்டும்.

லினக்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு என்வைப் என்ற கருவி இருக்கிறது. பல ஆண்டுகள் இந்த வேலைக்குப் பெயர்பெற்றிருந்த டிபானின் வழியில் வந்தது அது. டிபானின் கடைசிப் பதிப்பு 2015இல் வந்ததோடு சரி, இன்றைய கணினிகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இயங்குதளத்தின் கண்ணுக்கே படாத மூலைகளும் ஹார்ட் டிஸ்க்கில் உண்டு. கெட்டுப்போகத் தொடங்கிய செக்டரை டிஸ்க் தானாகவே ஒதுக்கிவிட்டு, மாற்று செக்டரைப் பயன்படுத்தத் தொடங்கும். ஒதுக்கப்பட்ட செக்டரில் பழைய தரவு தங்கிவிடும். வெளியிலிருந்து எழுதும் எந்த மென்பொருளும் அங்கே போக முடியாது. எச்பிஏ என்ற மறைக்கப்பட்ட பகுதி டிஸ்க்கின் கொள்ளளவையே குறைத்துக் காட்டும். இதற்காகத்தான் அழிக்கும் வேலையை டிஸ்க்குக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரிடமே ஒப்படைக்கும் ஏடிஏ செக்யூர் இரேஸ் கட்டளை தரநிலைக்குள் கொண்டுவரப்பட்டது. அதன் மேம்பட்ட வடிவம் ஒதுக்கப்பட்ட செக்டர்களையும் அழிக்க வேண்டும் என்பது விதி. சாதாரண வீட்டுக் கணினிக்கு ஒதுக்கப்பட்ட ஒருசில செக்டர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மருத்துவப் பதிவுகளோ வாடிக்கையாளர் கணக்குகளோ இருந்த டிஸ்க் என்றால் இந்தக் கட்டளையே சரியான வழி.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி, சுழலும் தட்டு இல்லாமல் ஃபிளாஷ் சிப்களில் தரவை வைக்கும் எஸ்எஸ்டிக்குப் பொருந்தாது. குழப்பம் அதிகம் நடப்பதும் இங்கேதான்.

ஹார்ட் டிஸ்க்கில் 500ஆவது செக்டரில் எழுது என்றால் அந்த இடத்திலேயே எழுதும். எஸ்எஸ்டியில் அப்படி நடக்காது. ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கும், பக்கம் எனப்படும் சிறு துண்டின் மேல் நேரடியாக எழுத முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கை மொத்தமாக அழித்த பிறகுதான் அங்கே மறுபடி எழுத முடியும். எனவே உள்ளிருக்கும் கன்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுச் சிப் புதிய தரவை வேறொரு காலிப் பக்கத்தில் எழுதி, 500ஆவது செக்டர் இனி இங்கே இருக்கிறது என்று தன் குறிப்பில் திருத்திக்கொள்ளும். பழைய பக்கம் அப்படியே கிடக்கும். எல்லாப் பக்கங்களும் சீராகத் தேய வேண்டும் என்பதற்காகவும் கன்ட்ரோலர் தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, வெளியே காட்டும் கொள்ளளவைவிடக் கூடுதலான ஃபிளாஷ் உள்ளே இருக்கிறது. இயங்குதளம் அத்தனை செக்டரிலும் பூஜ்யம் எழுதினாலும் அந்தக் கூடுதல் இடத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

2011இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். எஸ்எஸ்டிகளைப் பிரித்து, ஃபிளாஷ் சிப்களைக் கன்ட்ரோலரைத் தாண்டி நேரடியாகப் படித்துப் பார்த்தார்கள். ஒரு கோப்பை மட்டும் குறிவைத்து மேலே எழுதி அழிக்கும் எந்த முறையும் எஸ்எஸ்டியில் நம்பகமாக வேலை செய்யவில்லை. அதைவிட அதிர்ச்சி, சில எஸ்எஸ்டிகளில் செக்யூர் இரேஸ் கட்டளையே பிழையாக அமைக்கப்பட்டிருந்தது. ஒரு டிஸ்க், அழித்து முடித்தேன் என்று பதில் சொல்லிவிட்டு ஒரு பைட்டைக்கூட அழிக்கவில்லை. அதிலிருந்த கோப்பு முறையை மறுபடி அப்படியே திறக்க முடிந்தது. 2015இல் ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்திலிருந்து குப்பைக்கூடையைப் பாதுகாப்பாக அழிக்கும் வசதியை எடுத்துவிட்டதற்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் அதற்கு உத்தரவாதம் தர முடியாது என்பதே காரணம்.

டிரிம் என்ற கட்டளை ஓரளவு கைகொடுக்கும். கோப்பை நீக்கும்போதோ குவிக் ஃபார்மட் செய்யும்போதோ, இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று இயங்குதளம் எஸ்எஸ்டியிடம் சொல்லும். அதன்பின் அந்த இடங்களைப் படித்தால் பெரும்பாலும் பூஜ்யமே வரும். ஃபோட்டோரெக் போன்ற கருவிகளுக்கு ஒன்றும் சிக்காது. ஆனால் உண்மையான அழிப்பு எப்போது நடக்கும் என்பதைக் கன்ட்ரோலர் தன் வசதிப்படி முடிவுசெய்யும். யுஎஸ்பி வழியாக இணைத்த எஸ்எஸ்டியில் இந்தக் கட்டளை போய்ச் சேராமலும் போகலாம்.

ஆகவே எஸ்எஸ்டிக்கு அதன் கன்ட்ரோலரே செய்யும் அழிப்புதான் வழி. என்விஎம்இ எனப்படும் புதிய இணைப்பு வகை எஸ்எஸ்டிகளில் ஃபார்மட் கட்டளையோடு பாதுகாப்பு அழிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். 2017இல் தரநிலையில் சேர்ந்த சானிடைஸ் கட்டளை அதைவிடக் கறாரானது: நடுவில் மின்சாரம் போனாலும், மறுபடி உயிர் வந்ததும் விட்ட வேலையை முடித்துவிட்டுத்தான் தரவை அணுக விடும். பல கணினிகளில், இயங்குதளத்துக்கு முன்பே இயங்கும் யுஇஎஃப்ஐ அமைப்பு மெனுவிலேயே இதற்கான தேர்வு இருக்கும். இல்லாவிட்டால் எஸ்எஸ்டி தயாரிப்பாளரின் சொந்தக் கருவி. சாட்டா எனப்படும் பழைய இணைப்பு வகையில் சில சமயம் டிஸ்க் 'ஃப்ரோசன்' நிலையில் இருப்பதாகச் சொல்லிக் கட்டளையை மறுக்கும். கணினியை ஒருமுறை ஸ்லீப்புக்கு அனுப்பி எழுப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். லேப்டாப் என்றால் சார்ஜர் இணைந்திருக்கட்டும். செக்யூர் இரேஸ் தொடங்கும் முன் டிஸ்க்குக்கு ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைக்கப்படும். பாதியில் மின்சாரம் போனால் டிஸ்க் பூட்டிக்கொண்டு நிற்கும்.

விண்டோஸின் 'ரீசெட்' வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்தபின், கூடுதல் அமைப்புகளுக்குள் போய் டிரைவைச் சுத்தப்படுத்தும் தேர்வையும் இயக்க வேண்டும். அது தானாக இயங்குவதில்லை. இயக்கினாலும் இது வீட்டுப் பயனர்களுக்கானதுதான், அரசுத் தரநிலைகளுக்கு ஈடானதல்ல என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. 2022 தொடக்கத்தில், ரீசெட் செய்த பிறகும் ஒன்டிரைவிலிருந்து இறங்கிய கோப்புகள் டிஸ்க்கில் மிஞ்சும் பிழை ஒன்றை அந்நிறுவனம் ஒப்புக்கொண்டு, பிறகு திருத்தியது. தெரிந்தவருக்கே கணினியைக் கொடுக்கிறீர்கள் என்றால் இந்த வசதி போதும். அந்நியர் கைக்குப் போவதென்றால் போதாது.

வைரஸ் தொல்லையால் புதிதாக நிறுவுகிறவர்களுக்கு பார்ட்டிஷன் அட்டவணையோடு சேர்த்து எல்லாவற்றையும் நீக்குவதே முக்கியம், பழைய தரவு மீளுமா என்பது அல்ல. மிக அரிதாக, டிஸ்க்கை எவ்வளவு அழித்தாலும் போகாத தீநிரல்களும் உண்டு. 2018இல் கண்டறியப்பட்ட லோஜாக்ஸ், மதர்போர்டில் உள்ள யுஇஎஃப்ஐ சிப்பிலேயே குடியேறியது. அதற்கு ஃபர்ம்வேரையே மறுபடி எழுத வேண்டும்.

இத்தனை சிக்கலையும் பெருமளவு தவிர்க்கும் ஒரு வழி உண்டு, அதை முதல் நாளிலேயே செய்ய வேண்டும்: டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் செய்வது. விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ். தரவு எல்லாம் ஒரு சாவியால் பூட்டப்பட்டு எழுதப்படும் என்பதால், பின்னாளில் சில பைட்டுகளே உள்ள அந்தச் சாவியை அழித்தாலே டெராபைட் கணக்கான தரவு வெறும் இரைச்சலாகிவிடும். ஒதுக்கப்பட்ட செக்டரோ, எஸ்எஸ்டியின் கூடுதல் ஃபிளாஷோ, எந்த மூலையில் எது மிஞ்சினாலும் படிக்க முடியாது. இயங்காமல் செத்துப்போன டிஸ்க்குக்கும் இதுவே பாதுகாப்பு. கட்டளையே ஏற்காத டிஸ்க்கில் எதை எழுதி அழிப்பது? மறையாக்கம் இல்லாத அப்படிப்பட்ட டிஸ்க்கை உடைத்தே ஆக வேண்டும். எஸ்எஸ்டி என்றால் போர்டில் இருக்கும் ஒவ்வொரு சிப்பும் நொறுங்க வேண்டும்.

எஸ்எஸ்டியே தனக்குள் செய்துகொள்ளும் வன்பொருள் மறையாக்கத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம். 2018இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரபலமான சில எஸ்எஸ்டிகளில் கடவுச்சொல் இல்லாமலே தரவைத் திறக்க முடிந்ததைக் காட்டினார்கள். மறு ஆண்டு மைக்ரோசாஃப்ட், பிட்லாக்கர் மென்பொருள் மறையாக்கத்தையே இயல்பாகப் பயன்படுத்தும்படி மாற்றியது. பிட்லாக்கர் இயங்குகிறது என்று காட்டினாலும் 'செயல்படுத்தலுக்காகக் காத்திருக்கிறது' என்ற குறிப்பு இருந்தால், சாவி இன்னும் டிஸ்க்கிலேயே பூட்டாமல் கிடக்கிறது என்று பொருள்.

புதிய இயங்குதளத்தை நிறுவி பிட்லாக்கரை இயக்கும்போது, பயன்பாட்டில் உள்ள இடத்தை மட்டும் மறையாக்கம் செய்யவா, டிரைவ் முழுவதையுமா என்று கேட்கும். முதல் தேர்வு விரைவாக முடியும், புத்தம் புதிய டிஸ்க்குக்கு அது போதும். ஏற்கெனவே புழங்கிய டிஸ்க்கை முழுதாக அழிக்காமல் நிறுவியிருந்தால், அந்த முதல் தேர்வு புதிய 30 ஜிபியைப் பூட்டிவிட்டு மீதி 900 ஜிபியில் கிடக்கும் பழைய தரவைத் தொடாமலே விட்டுவிடும். அப்படிப்பட்ட டிஸ்க்கில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, சில மணி நேரம் ஓட விடுங்கள்.